சீட்டில் வந்த கொலைகாரன்

நிரபராதி வீடு எது என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் என் பட்டறைக்கு வந்தார்கள். பழவேற்காட்டில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். வெளியூர்க்காரர்கள் என்னிடம் டச்சுக்காரன் கல்லறைக்கு வழி கேட்டிருக்கிறார்கள், பூநாரை எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்கள், நண்டு எங்கே மலிவு என்று கேட்டிருக்கிறார்கள். நிரபராதியைக் கேட்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

“எந்த ஊரு நிரபராதி? இங்க யாரைக் கேட்டாலும் நிரபராதின்னுதான் சொல்லுவான்” என்றேன்.

“கோதண்டம்னு பேரு, அண்ணா. கொலை கேஸ்ல ஆயுள் தண்டனை. இப்ப வெளிய வந்துட்டார்” என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் மோகனப்பிரியா. கூட வந்த பையன் ரஞ்சித்குமார். சென்னையில் வக்கீலுக்குப் படிக்கிறார்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவர்களைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். இருவர் இருவராகப் பிரிந்து தேடுகிறார்கள். மற்ற ஜோடிகளுக்கெல்லாம் நிரபராதி கிடைத்துவிட்டானாம். ஒரு ஜோடிக்கு இரண்டு பேர் கிடைத்து, யாரை வைத்துக்கொள்வது என்று சண்டையாம். இவர்களுக்குத்தான் இன்னும் சிக்கவில்லை. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராதவர்கள் மாதிரி முகத்தை வைத்திருந்தார்கள். கோதண்டத்தோடு ஜெயிலில் இருந்த யாரோ ஒருவர், அப்படி ஒருத்தன் ஏரிக்கரையில் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கோரைக்குப்பத்தில் எனக்கும் ஒரு எஞ்சின் பார்க்க வேண்டியிருந்தது. படகில் ஏற்றிக்கொண்டேன்.

கோதண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பாடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல இருக்காது. முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் எறா என்கிற இறால் கொட்டும். உள்ளே தள்ளிப் போனால் பாசியை வாரிக்கொண்டு வரலாம். நல்ல இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க மீனவ ஊர்களில் வைத்திருக்கும் ஏற்பாடுதான் பாடு. கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. வருஷத்துக்கு ஒருமுறை தலைக்கட்டுப் பெயரையெல்லாம் சீட்டில் எழுதி, அம்மன் கோயில் முன்னால் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்பது சீட்டில் வருகிறபடி. கலெக்டர் வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார்கள். வந்த சீட்டை வேண்டாம் என்று சொன்னால் அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் அதோடு பாடு கிடையாது. பாடு இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலி.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் கோதண்டம். ஒல்லியான ஆள், நெடுநெடு என்று இருப்பான். பேசச் சொன்னால் சிரிப்பான், சிரிக்கச் சொன்னால் தலையைச் சொறிவான். அப்பன் கடலில் போனபிறகு சித்தப்பன் வலையில் வளர்ந்தவன். தனக்கென்று அவனுக்கு இருந்ததெல்லாம் முனியம்மாவைக் கட்டியதால் வந்த தலைக்கட்டு. முதல் முதலாகத் தன் பெயருக்குப் பாடு விழுந்தபோது, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான் என்பார்கள். விழுந்தது பாசி இடம்.

அவனுக்குக் கல்யாணமாகிச் சில வருஷத்தில், எல்லைத் தகராறில் கோரைக்குப்பத்துக்காரர்களும் பக்கத்து ஊரான சவுக்குமேட்டுக்காரர்களும் ஏரி நடுவில் கழியால் அடித்துக்கொண்டார்கள். படகுக்குப் படகு தாவி அடித்தார்கள். சவுக்குமேட்டுப் பூவரசனுக்கு மண்டையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. யார் கழி பட்டது என்று அடித்தவர்களுக்கே தெரியாது.

வந்த போலீஸ் அதிகாரி நல்ல மனுஷன். யார் அடித்தது, எப்படி அடித்தது என்றெல்லாம் கேட்டு ஊரைத் தொந்தரவு செய்யவில்லை. “அஞ்சு பேரு குடுங்க. அதுல ஒருத்தன் முதல் ஆளு. சீக்கிரம் குடுத்தா எல்லாருக்கும் நல்லது” என்று சொல்லிவிட்டு மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் கூடியது. யாரைக் கொடுப்பது? எவன் பெயரைச் சொன்னாலும் அவன் வீட்டுப் பெண்கள் மண்ணை வாரி இறைக்கிறார்கள். கடைசியில் ஊர்த் தலைவர் ஆதிநாராயணன் எழுந்து, “இன்னாத்துக்கு சண்டை? பாடு மாதிரி சீட்டு போட்டுட்டா யாருக்கும் மனசுல கசப்பு இருக்காதுல்ல?” என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. எவ்வளவு நியாயமான யோசனை! சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், வாய்தா வேண்டாம். முதலில் வருகிற சீட்டு கொலைகாரன். அடுத்த நாலும் கூட்டாளிகள். அம்மன் முன்னால் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிக் குலுக்கினார்கள்.

முதல் சீட்டு கோதண்டம்.

கொலை நடந்தபோது கோதண்டம் ஏரியிலேயே இல்லை. பொன்னேரியில் ஒரு பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். கடைவாய்ப்பல் பிடுங்கி, அது ஆறாமல் மறுபடியும் போய்க் காட்டிவிட்டு, வாயில் பஞ்சோடு பஸ்ஸை விட்டு இறங்கியவனிடம் சீட்டு விஷயத்தைச் சொன்னார்கள். தலையை ஆட்டினான். பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை என்று நினைக்க வேண்டாம். பஞ்சு இல்லாவிட்டாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பான். வந்த சீட்டை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லையே. “நீ உள்ள இருக்கிற வரைக்கும் உன் பாடு உன் பொண்டாட்டிக்கி. ஊரு பாத்துக்கும்” என்று ஆதிநாராயணன் கற்பூரத்தின் மேல் சொன்னார்.

ஊர் வைத்த வக்கீல் ஐந்து பேருக்கும் ஒரே பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டும். நாலு பேர் பாடத்தை ஒழுங்காக ஒப்பித்து, சாட்சி போதாமல் வீட்டுக்கு வந்தார்கள். கோதண்டத்துக்கு ஒரு சந்தேகம். சீட்டில் தனக்கு வந்ததை இல்லை என்று சொன்னால், அது சீட்டை மறுத்த கணக்கில் சேருமா சேராதா? சேரும் என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, நீதிபதி கேட்டபோது, “ஆமாங்கய்யா, நான்தான்” என்றான். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். நீதிபதி ஆயுள் தண்டனை கொடுத்தார்.

ஊர் பார்த்துக்கொண்டது. இரண்டு வருஷம் முனியம்மாவுக்குப் பாடு கொடுத்தது. அதற்குப் பிறகு ஊருக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு திருப்பாலைவனம், காட்டூர் என்று தெருத் தெருவாக மீன் விற்றாள். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, இவன் நல்லவன் என்று ஜெயில்காரர்கள் சர்டிபிகேட் கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்தவன் அடுத்த பாடு சீட்டன்று குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு கோயில் முன்னால் போய் நின்றான். எல்லார் பெயரும் வந்தது. அவன் பெயர் வரவில்லை.

“தலைவரே, என் பேரு வர்லியே.”

“எப்டிடா வரும்? கொலை பண்ண கை. அம்மன் முன்னால சீட்டு எடுக்கலாமா? ஊரு வழக்கம் உனக்குத் தெரியாதா?”

“நான் பண்லியே தலைவரே.”

“அது எங்களுக்குத் தெரியும்டா பைத்தியம். அம்மனுக்குத் தெரியணுமே. கோர்ட்டுல கொலைகாரன்னு எழுதிட்டான் இல்ல?”

கோர்ட்டுத் தீர்ப்புக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற அம்மன் இந்த ஜில்லாவிலேயே வேறு எங்கும் இல்லை. அன்றிலிருந்து ஆதிநாராயணனின் மகன் சின்னதம்பி படகில் கோதண்டம் கூலி. வருஷா வருஷம் சீட்டன்று குளித்துவிட்டுப் போய் நிற்பான். பெயர் வராது. வீட்டுக்கு வந்து கைலி மாற்றிக்கொண்டு அடுத்தவன் வலையை இழுக்கப் போவான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த டப்பாவில் தன் பெயர். அவனுடைய மகன் தலையெடுத்துக் கல்யாணம் கட்டினால் அவனுக்கும் தலைக்கட்டு கிடையாது என்று ஊரில் பேச்சு வேறு இருந்தது.

இந்த நிரபராதியிடம்தான் நான் அந்த இருவரையும் கொண்டுபோய் விட்டேன்.

கோதண்டம் வலை பின்னிக்கொண்டிருந்தான். முனியம்மா மடவை மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். ரஞ்சித்குமார் செல்போனை ஒரு கவிழ்த்த கூடைமேல் நிறுத்தி வைத்துவிட்டு முதல் கேள்வி கேட்டான்.

“தீர்ப்பு சொன்னப்ப உங்க மனசுல என்ன தோணுச்சு, அண்ணா?”

கோதண்டம் தலையைச் சொறிந்தான். முனியம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அவுருக்கு இன்னா தோணும்? பல்லு நோவு போச்சேன்னு தோணியிருக்கும். என்னைக் கேளு கண்ணு. எனக்கு இன்னா தோணிச்சின்னா, அந்த டப்பாவ எட்து அந்தத் தலைவரு மண்டையிலயே போடலாமான்னு தோணிச்சி.”

“டப்பாவா? என்ன டப்பா?” என்றாள் மோகனப்பிரியா.

அப்போதுதான் அவர்களுக்குச் சீட்டு விஷயமே தெரிந்தது. முனியம்மா சொல்லச் சொல்ல இருவர் முகத்திலும் வெளிச்சம் ஏறியது. மற்ற ஜோடிகளின் நிரபராதிகளெல்லாம் சாதாரண நிரபராதிகள். போலீஸ் அடித்து ஒப்புக்கொண்டவன், அடையாளம் மாறிப் போனவன் என்று எல்லா ஊரிலும் கிடைக்கிற சரக்கு. குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட கொலைகாரன் வேறு எவனுக்குக் கிடைக்கும்?

மோகனப்பிரியா விளக்கினாள். அந்தத் தண்டனையை எதிர்த்து யாரும் மேலே போனதே இல்லை. இப்போதும் போகலாம். இலவசமாக வாதாட ஒரு வக்கீல் அம்மா தயாராக இருக்கிறார். ஆனால் காலம் கடந்துவிட்டதால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி முதலில் ஒரு மனு போட வேண்டும்.

“மன்னிப்பா? நானா? எதுக்கும்மா?” என்றான் கோதண்டம்.

“லேட்டா வர்றதுக்கு, அண்ணா.”

“உள்ள வச்சிருந்தாங்களேம்மா. கதவு அவுங்க கையிலதான இருந்திச்சி?”

“அதையும் எழுதுவோம்.”

முனியம்மா சிரித்த சிரிப்பில் மீன் செதில் பறந்தது. “எழுது கண்ணு, நல்லா எழுது. பத்து வருஷம் ஜெயில்ல சொகமா குந்திகினு வரதுக்கு மறந்துட்டாருன்னு எழுது.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “யோவ், கேட்டியா? கோர்ட்டே நீ நிரபராதின்னு சொல்ட்டா, அந்த ஆளு அம்மனைக் காட்டிச் சாக்கு சொல்ல முடியாது. டப்பாவுல பேரு போட்டுத்தான ஆவணும்? போடு கையெழுத்த.”

“அதுல இன்னா எழுதியிருக்கும்?”

“நடந்ததுதான். நீங்க அங்க இல்லை, ஊர்ல சீட்டு குலுக்கி உங்க பேரைக் கொடுத்தாங்கன்னு” என்றாள் மோகனப்பிரியா.

கோதண்டம் வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“அது வேணாம்மா. சீட்டு அம்மன் குடுத்தது. அது தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, நாளிக்கி அதே சீட்டுல என் பேரைப் போடுன்னு போய் நின்னா ஞாயமா? எனக்கு வேண்டாததா வந்தா தப்பு, எறா இடம் வந்தா சரியா?”

“ஐய! பெரிய ஞாயஸ்தன் வந்துட்டாரு” என்று முனியம்மா மீனைச் சட்டியில் வீசினாள்.

வேறு வழியில் போய்ப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கொஞ்ச நாள் அலைந்தார்கள். பொன்னேரியில் பல் டாக்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். சவுக்குமேட்டில் பூவரசனின் பெண்சாதி கீதாவைப் போய்ப் பார்த்தார்கள். “கோதண்டண்ணன் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எங்க ஊருக்கே தெரியும்” என்றாள். அதை எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, “எங்க தலைவரக் கேட்டுச் சொல்றேன்” என்றாள். அவர்கள் தலைவரும் ஆதிநாராயணனும் எல்லைக்குச் சமாதானம் பேசி, ஒன்றாக மாலை போட்டு நின்றவர்கள். ஏரியைச் சுற்றிக் கோதண்டம் நிரபராதி என்று தெரியாத இடம் கோர்ட்டு ஒன்றுதான். சொல்லுவதற்கு ஆள் இல்லாத இடமும் அதுதான்.

அதற்குள் ஊரில் சி.பி.ஐ. வந்திருக்கிறது என்று பேச்சாகிவிட்டது. ஆதிநாராயணன் என் பட்டறைக்கே வந்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்து, ரிப்பேரா என்று கேட்டார்.

“அந்தப் பசங்க இன்னாப்பா கேக்குறாங்க?”

“நிரபராதியக் கேக்குறாங்க தலைவரே.”

“கோதண்டம் கையெழுத்து கிய்யெழுத்து போட்டானா?”

“இன்னும் போடல. முனியம்மா சும்மா இருக்க மாட்டா.”

ஊரே சேர்ந்து கோர்ட்டை ஏமாற்றியது என்று ஒரு தாள் மேலே போனால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கோதண்டத்திடம் போனார். அவன் தோளில் கை போட்டார். ஜெயிலிலிருந்து வந்த நாள் முதல் அந்தக் கை அந்தத் தோளில் விழுந்ததில்லை.

“கோர்ட்டு இன்னாடா பெரிய கோர்ட்டு. அம்மனே சொல்ட்டா? இந்த வாட்டி பாடு சீட்டுக்கு முன்னால பூ கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா நீ நிரபராதி. உன் பேரு டப்பாவுல. அந்தப் பேப்பர மட்டும் தொடாத.”

கோதண்டத்துக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவன் கேட்டதே அதுதான். என்ன பூ வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று அவனாகவே வேறு சொல்லிவிட்டான். சிவப்பு வந்தால் ஆயுசுக்கும் கூலிதான், பேசக் கூடாது.

பாடு சீட்டன்று காலையில் மோகனப்பிரியாவும் ரஞ்சித்குமாரும் வந்திருந்தார்கள். மனுவைப் பையிலேயே வைத்திருந்தாள். “வராதீங்கன்னு யாரும் சொல்லலையே, அண்ணா” என்றாள் என்னிடம். ரஞ்சித்குமாருக்கு ஒரே சந்தேகமாக இருந்தது.

“பூவை வச்சு எப்படிண்ணா நிரபராதின்னு கண்டுபிடிப்பாங்க?”

“சீட்டை வச்சு கொலைகாரனைக் கண்டுபிடிக்கலியா? அதே மாதிரிதான்.”

ஆதிநாராயணன் தாமே இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லித் தட்டில் போட்டு, அம்மன் காலடியில் வைத்தார். பூசாரி சூடம் காட்டினார். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். முனியம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பூசாரி தட்டைக் குலுக்கி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள். பின்னால் நின்ற இரண்டு பேர் விசில் அடித்தார்கள். போலீஸ், வக்கீல், நீதிபதி என்று அத்தனை பேர் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்த தப்பை நந்தியாவட்டை ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிட்டது. கோதண்டம் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்கவே இல்லை. முதுகு குலுங்கியது.

முனியம்மாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. “இந்தச் சனியன் புடிச்ச செவப்பு நம்ம வாசப்படி ஏறக் கூடாது. கொண்டுபோய் ஏரில கடாசிட்டு வரேன்” என்று தட்டில் இருந்த மற்றொரு பொட்டலத்தை எடுத்தாள்.

“தே, அதுங்கிட்ட போவாத!” என்று ஆதிநாராயணன் பாய்ந்தார். பாயாமல் இருந்திருந்தால் அவள் அப்படியே தண்ணீரில் போட்டிருப்பாள். பாய்ந்ததால், அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாள்.

அதிலும் நந்தியாவட்டை.

“தோ பாருங்கடி! இதுவும் வெள்ளை!” என்று முனியம்மா சிரித்தாள். கூட நின்ற பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

ஆதிநாராயணன் பல்லைக் கடித்துக்கொண்டு, “உங்களுக்கு நல்லது பண்ணத்தான் செஞ்சேன். கம்முனு போடி” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பூசாரிக்காக வைத்திருந்த மைக் பக்கத்திலேயே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைவர் கெட்டிக்காரர்தான் என்று ஒருத்தன் பாராட்டக்கூடச் செய்தான். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கோதண்டம் தரையிலிருந்து எழுந்து அந்த இரண்டு பூவையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்தவர்கள் ஒவ்வொருத்தராக வாயை மூடிக்கொண்டார்கள்.

“தலைவரே, அன்னிக்கி சீட்டு யாரு எழுதனது?”

“என்னிக்கி?”

“என் பேரு வந்த அன்னிக்கி.”

“எப்பவும் நான்தான எழுதறேன். இன்னாடா கேள்வி இது, நல்ல நாளு அதுவுமா?”

“எடுக்காம மிச்சம் இருந்த சீட்ட யாருனா பிரிச்சிப் பாத்தீங்களா?”

மிச்சம் இருந்த சீட்டையெல்லாம் வழக்கப்படி டப்பாவோடு ஏரியில் கொட்டியிருக்கிறார்கள். ஊரில் வழக்கம் என்று ஒன்று இருந்தால் எவ்வளவு வசதி. கூட்டத்தில் ஒரு கிழவர் விரலை மடக்கி, அன்றைக்கு வந்த ஐந்து பேரையும் வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். தலைவர் வகையறாவில் ஒருத்தன்கூட அதில் இல்லை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஊரில் பாதிப் பேர் அவர் வகையறா. இவ்வளவு நாளும் அதை அம்மன் அருள் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த டப்பாவில் உண்மையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒழுங்காகவே குலுக்கியிருக்கலாம். நல்லதற்கு ஒரு பொட்டலத்தை மாற்றியவர் கெட்டதற்கும் மாற்றியிருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் கோதண்டம் அந்த ஒரு சீட்டை நம்பித்தான் நீதிபதி முன்னால் ‘ஆமாங்கய்யா’ என்று சொன்னான். அதை நம்பித்தான் உள்ளே கிடந்தான், வெளியே வந்து கூலிக்குப் போனான், கையில் கொடுத்த பேனாவை வேண்டாம் என்றான். இரண்டு வெள்ளைப் பூ அதையெல்லாம் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து முனியம்மாவே பயந்து, “யோவ், வா, வூட்டுக்குப் போலாம்” என்று கையைப் பிடித்தாள்.

அவன் மோகனப்பிரியா நின்ற பக்கம் திரும்பினான்.

“பாப்பா, அந்தப் பேப்பரு கொண்ணாந்தியா?”

அவள் பையைத் திறந்தாள். பேனா கீழே விழுந்தது. ரஞ்சித்குமார் எடுத்துக் கொடுத்தான். நல்ல காலம், அவன் அப்போது எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

“கோதண்டம்! கையெழுத்து போட்டேன்னா உனக்குப் பாடு கெடையாது!” என்று ஆதிநாராயணன் மைக்கிலேயே கத்தினார்.

“ஏன் தலைவரே? நான் நிரபராதின்னு அம்மனே சொல்ட்டாங்களே. இல்ல, அம்மன் பொய் சொன்னாங்கன்றியா?”

ஆதிநாராயணன் வாயைத் திறந்தார். அம்மனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பூவை மாற்றினேன் என்று அவரால் ஊர் முன்னால் எப்படிச் சொல்ல முடியும்? சொன்னது மைக்கில் ஏற்கெனவே கேட்டிருந்தாலும், தலைவர் தன் வாயால் ஒத்துக்கொள்வது வேறு. கோதண்டம் பூசாரியின் பலகைமேல் தாளை வைத்து, காட்டிய இடத்திலெல்லாம் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டான். ஊர் முழுக்க நின்று பார்த்தது.

அன்றைக்குப் பாடு சீட்டு எடுக்கவில்லை. எழுதி வைத்திருந்த சீட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி இளவட்டங்கள் கூச்சல் போட்டார்கள். அம்மனுக்கு ஆகாது என்று தலைவர் வகையறா தடுத்தது. கொஞ்சம் சட்டை கிழிந்தது. சின்னதம்பி தன் படகில் இனிமேல் கோதண்டத்துக்கு வேலை இல்லை என்றான். சில வீட்டுப் பெண்கள் முனியம்மாவோடு பேச்சை நிறுத்தினார்கள். பேச்சு நின்றதில் தனக்கு வேலை மிச்சம் என்றாள் அவள்.

கொஞ்ச நாள் எவனும் ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்டவில்லை. கட்டினால் அடிதடி. கடைசியில் வயிறு சமாதானம் செய்து வைத்தது. ஒவ்வொரு சீட்டையும் ஊர் முன்னால் உரக்கப் படித்துக் காட்டி, மடித்து டப்பாவில் போடுவது என்று புதிதாக ஒரு வழக்கம் வைத்தார்கள். ஆதிநாராயணனே நின்று படித்தார். கோதண்டம் என்கிற பெயர் வந்தபோது கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். போடாதே என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. எறா இடமும் இல்லை, பாசி இடமும் இல்லை, நடுத்தரமான ஒரு இடம் அவனுக்கு விழுந்தது.

மனு மேல் கோர்ட்டில் நம்பர் ஆகி இருக்கிறது. முதல் வாய்தாவில் அரசாங்க வக்கீலுக்குப் படிக்க நேரம் வேண்டுமாம். அடுத்த வாய்தாவில் பழைய கேஸ் கட்டு கிடைக்கவில்லையாம். மன்னிப்பதற்கே இவ்வளவு நாள் ஆகிறதே, இவர்கள் தாமதத்தை யார் மன்னிப்பார்கள் என்று நான் மோகனப்பிரியாவைக் கேட்டேன். அவள் படிப்பு முடிந்து, அதே வக்கீல் அம்மாவிடம் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறாள். ரஞ்சித்குமாரின் ஆராய்ச்சிக்குப் பரிசு கிடைத்ததாம். சட்டப்படி இன்றைக்கும் கோதண்டம் கொலைகாரன்தான்.

போன வாரம் அவனுடைய பழைய எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் பாடு நாளில் ஏரிக்குப் போக யாரிடமோ இரவல் வாங்கியது. கறுப்பாகப் புகை தள்ளுகிறது. அவன் பக்கத்தில் நின்று திருப்புளியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. மோகனப்பிரியாதான். ஒரு வழியாக விசாரணைக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம். நீதிபதி நேரில் கேட்க விரும்புகிறாராம், அவனும் வந்தாக வேண்டுமாம். அவள் கத்திய கத்தலில் எனக்கே கேட்டது.

கோதண்டம் தேதியை இன்னொருமுறை சொல்லச் சொன்னான். விரல் விட்டு எண்ணினான். தலையைச் சொறிந்தான்.

“அன்னிக்கி முடியாதும்மா” என்றான். “ஜட்ஜய்யாகிட்ட வேற தேதி கேட்டு வாங்கு. அன்னிக்கி என் பாடு.”